பெயர் இருக்கலாம், விளம்பரம் ஆகாது: மருத்துவர் நடத்தை விதி 7.11இன் மறுவாசிப்பு

மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் எப்படிப் பேசலாம் என்ற விவாதம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரே முடிவில் நின்றுவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அம்மாதத் தொடக்கத்தில் அறிவித்த நடத்தை விதிகளில் சமூக ஊடகத்துக்கெனத் தனி வழிகாட்டுதல் இருந்தது. அம்மாதம் முடியும் முன்பே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு விதிகளே திரும்ப வந்தன. முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் முந்திய அவ்விதிகள் மருத்துவரின் வாயைக் கட்டுபவை, ஆகவே இன்று வழிகாட்ட எதுவுமில்லை என்பது செல்வாக்குள்ள வாசிப்பு. 2002 விதிகளின் 7.11ஆம் பிரிவை முழுமையாகப் படித்தால் இம்முடிவு நிற்காது.

அப்பிரிவுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நோய், சிகிச்சை பற்றிப் பொது இதழ்களில் எழுதுவதும் பேட்டி தருவதும், மருத்துவரை விளம்பரப்படுத்தும் அல்லது நோயாளிகளைச் சேர்த்துத்தரும் விளைவை உண்டாக்கக்கூடுமானால் கூடாது என்கிறது முதற்பகுதி. பொதுச் சுகாதாரம், நலவாழ்வு பற்றிச் சொந்தப் பெயரில் எழுதலாம், மேடையில் உரையாற்றலாம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இணைய உரையாடலிலும் பேசலாம் என்கிறது இரண்டாம் பகுதி. செல்வாக்குள்ள அந்த வாசிப்பு முதற்பகுதியோடு நின்றுவிடுகிறது. இணையத்தைப் பெயர் சொல்லி அனுமதித்த விதியை இணையம் அறியாத விதி என்பது பொருந்தவில்லை.

முதற்பகுதியும் பேச்சைத் தடுக்கவில்லை. பேச்சின் விளைவைத்தான் தடுக்கிறது. மருத்துவரின் உள்நோக்கம் அங்கே விசாரிக்கப்படுவதில்லை. சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பேணும் முறை குறித்த பத்து நிமிடக் காணொளியை எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவக் கல்லூரியின் பக்கத்தில் பேசியவர் பெயரோடு வந்தால் அது இரண்டாம் பகுதிக்குள் அடங்கும். அதே காணொளி, கீழே அப்பாயின்ட்மென்ட் எண்ணும் சலுகை அறிவிப்பும் குணமானவர்களின் நன்றியுரையும் கொண்ட தனியார் பக்கத்தில் வந்தால் முதற்பகுதிக்குள் விழும். பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. அதைத் தாங்கும் பக்கத்தின் அமைப்புதான் மாறியிருக்கிறது.

2023 விதிகளின் அணுகுமுறை வேறு. லைக்குகளையும் பின்தொடர்வோரையும் காசு கொடுத்து வாங்காதே, நோயாளிகளின் பாராட்டைக் கேட்டுப் பகிராதே, குணமானவர் படங்களை வெளியிடாதே, பொதுப் பதிவில் மருந்து எழுதாதே எனச் செயல்களை அவை பட்டியலிட்டன. கடைசியாகச் சொன்னதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இங்கே சொன்ன ஒவ்வொன்றையும் தவிர்த்துவிட்டு முழுக்க முழுக்க ஆள்பிடிக்கும் பக்கத்தை ஒருவரால் நடத்த முடியும். விளைவை அளவுகோலாக வைத்த 2002 விதியில் அந்தச் சந்து இல்லை. விளைவை எப்படி நிரூபிப்பது என்ற மறுப்பு வலுவற்றது: உண்டாக்கக்கூடும் என்ற நிலையே போதும் என்கிறது விதி. ஆதாயம் இல்லாவிட்டால் மருத்துவர்கள் பேச வரமாட்டார்கள் என்ற மறுப்புக்குத் திண்டுக்கல் வட்டாரத்தின் பழைய அனுபவம் ஒன்றில் விடை இருக்கிறது.

மருத்துவர் டி. எஸ். சௌந்தரம் 1947இல் அங்கே தொடங்கிய காந்திகிராமம் என்ற நிறுவனம், 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தை மேற்கொண்டது. குடும்ப நலச் செய்தி ஊரின் செல்வாக்குள்ளவர்கள் வழியாகவும் பரவியது. தனி மருத்துவரின் புகழை நம்பி அது நிற்கவில்லை. ஆயிரத்துக்கு 43 அளவில் இருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 அளவுக்கு இறங்கியது. இந்த இறக்கம் முழுவதையும் செய்திப் பரவலின் கணக்கில் எழுத முடியாது. சேவையும் அருகில் கிடைத்தது. எனினும், நிறுவனத்தின் வாயிலாக, வாடிக்கை சேர்க்கும் நோக்கமின்றி மருத்துவம் பேச முடியும் என்பதற்கு ஆத்தூர் சான்று.

7.11இன் இரண்டாம் பகுதி வைக்கும் ‘சொந்தப் பெயரில்’ என்ற நிபந்தனையின் பொருளை 2017 பிப்ரவரி காட்டியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியதும், பெயரில்லாத வாட்ஸ்அப் செய்திகள் பெற்றோரை மிரட்டின. மார்ச்சு வரை இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. முகமற்ற வதந்திக்கு முகமற்ற அரசுக் குறிப்பு ஈடாகாது. நம்மூர் மருத்துவர் இன்னார் என்று தெரிந்து கேட்கும் சொல்லே பெற்றோரிடம் எடுபடும். பெயர் இங்கே பொறுப்பேற்பு. சொன்னது தவறானால் யாரைக் கேட்பது என்பதற்கான விடை.

நடைமுறையில் இதன் விளைவு, மூன்று வேலைகளுக்கு மூன்று இடம் என்பதே. பொதுச் சுகாதாரப் பேச்சு மருத்துவக் கல்லூரி, மாவட்டச் சுகாதாரத் துறை, மருத்துவர் சங்கக் கிளை ஆகியவற்றின் பொதுப் பக்கங்களில், பேசுபவர் பெயரோடு வரட்டும். தனிநபருக்கான ஆலோசனை 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலுக்குள் நடக்கட்டும். வாட்ஸ்அப்பை ஆலோசனைக் கருவியாக ஏற்கும் அவ்வழிகாட்டுதல், விளம்பரத்தால் நோயாளிகளை அழைப்பதைத் தடுக்கிறது. மருத்துவமனையின் பக்கம் 2002 விதிகளின் 7.12ஆம் பிரிவுக்குள் நிற்கட்டும்: பெயர், அனுமதிக்கும் நோயாளி வகை, பயிற்சி, வசதி, கட்டணம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மூன்றாவது இடமான மருத்துவமனைப் பக்கத்தில் இன்றைய நிலை தலைகீழ். விதி மறுக்கும் பாராட்டுரைகள் மருத்துவமனைப் பக்கங்களில் தாராளமாகக் காணப்படுகின்றன. விதி வெளிப்படையாக அனுமதிக்கும் கட்டண விவரத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். புதிய விதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் விதியின்படி கட்டணப் பட்டியலைப் பதிவிட்டு, பாராட்டுரைகளை நீக்குவதை நாளையே தொடங்கலாம்.