அங்காடிப் புத்துருவாக்கமும் பட்டியலில் இடம்பெறாதோரும்

நகரின் நடுவே பல தலைமுறைகளாக இயங்கிவரும் சந்தையொன்றை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தவுடன் விவாதம் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஓரணி நெரிசல், குப்பை, தீ விபத்து, வண்டி நிறுத்த இடமின்மை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டும். மற்றோரணி மரபுக் கட்டடம், நகரின் நினைவு, பழமையின் அழகு என்று வாதிடும். இரு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. இடிப்பதற்கு முன் எடுக்கப்படும் பட்டியலில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது? புதிய கட்டடத்தில் இடம் பெறுவோரையும் இழப்பீடு பெறுவோரையும் அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது. சந்தையில் உழைப்போரில் பெரும்பகுதியினர் அதில் இடம்பெறுவதில்லை. அது ஏன் என்பதையும், சட்டம் நமக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதையும் சென்னையின் சந்தைகளை முன்வைத்து இங்கே பார்க்கிறோம்.

சந்தைக்குள் ஒரு படிநிலை

மொத்த விற்பனைச் சந்தையின் உச்சியில் கமிஷன் மண்டிக்காரர் இருக்கிறார். விளைவிப்பவருக்கு முன்பணம் கொடுப்பதும், சில்லறை வியாபாரிக்குக் கடனில் சரக்கு தருவதும் அவரே. அவருக்குக் கீழே உரிமம் பெற்ற கடைக்காரர், அவரிடம் உள்வாடகைக்கு இருப்பவர், கடை வாசலில் சாக்கு விரித்து அமரும் தரைக்கடைக்காரர், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்பவர் என வரிசை இறங்குகிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளர், அழுகிய காய்களைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர், கழிக்கப்பட்ட காய்களில் நல்லதைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்கும் மூதாட்டிகள் ஆகியோர் அடிமட்டத்தில் இருக்கிறார்கள்.

இந்தப் படிநிலை வெறும் பொருளாதாரப் படிநிலை அன்று. மண்டித் தொழிலுக்கு வேண்டிய முதலும் சரக்குக் கடனும் வங்கியைவிட உறவின்முறை வழியாகவே அதிகம் புழங்குகின்றன. கடை உரிமம் தந்தையிடமிருந்து மகனுக்கும் மைத்துனனுக்கும் கைமாறுகிறது. அந்த உறவு வட்டத்துக்கு வெளியே பிறந்தவருக்குத் தலையும் தோளும் மட்டுமே முதல். சுமையும் துப்புரவும் தரைக்கடையும் தலித் மக்களின் பங்காக நிற்பதற்கு இதுவே காரணம். திறமைக் குறைவு என்று சொல்வது வசதியான பொய். கிராமத்தின் சாதிப் பிடியிலிருந்து நகரம் விடுதலை தரும் என்று அம்பேத்கர் நம்பினார். நகரத்துச் சந்தை அந்த நம்பிக்கையைப் பாதிதான் நிறைவேற்றியது. ஊர்த்தெருவில் கால்வைக்க முடியாதவருக்கு அது நிற்க இடம் கொடுத்தது. அந்த இடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கவில்லை.

அந்தச் சீட்டு இல்லாத நிலை, சந்தை நடக்கும் வரை பெரிதாகத் தெரியாது. இடிக்கும் நாளில்தான் தெரியும்.

மூர் மார்க்கெட்டும் கொத்தவால் சாவடியும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவை வரை எல்லாம் கிடைத்த இடம். 1985 மே மாதம் அது தீக்கிரையானது. அந்த நிலத்தில் புறநகர் ரயில்களுக்கான முனையம் எழுந்தது. கடைக்காரர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. நகரம் அந்தக் கட்டடத்துக்காக இன்றும் ஏங்குகிறது. அதைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. கடைகளுக்கு இடையே பொருள் சுமந்தும், வாசலில் பரப்பி விற்றும் பிழைத்தவர்களைப் பற்றி அத்தகைய ஏக்கம் எதுவும் எழுதப்படுவதில்லை.

கொத்தவால் சாவடியின் கதை வேறு வகை. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில், கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான இடத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த அந்தக் காய்கனிச் சந்தையே நீண்ட காலம் நகரத்துக்கு உணவளித்தது. லாரிகள் திரும்ப இடமில்லை, கழிவு மலைபோல் குவிகிறது என்ற புகார்களில் உண்மை இருந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் ஏறத்தாழ 295 ஏக்கர் நிலத்தில் புதிய வளாகம் கட்டியது; 1996இல் மொத்த வணிகம் அங்கே இடம்பெயர்ந்தது. வணிகர்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடாதபடி தமிழ்நாடு குறிப்பிட்ட சரக்கு அங்காடிகள் (அமைவிட ஒழுங்குமுறை) சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

திட்டமிடல் நோக்கில் இதை வெற்றி என்றே கூறுவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், அகன்ற சாலைகள், தனித்தனியாகக் காய், கனி, பூ அங்காடிகள் அமைந்தன. அந்த வெற்றியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீட்டின் அலகு எது என்று பார்க்க வேண்டும். அலகு கடை. கடை வைத்திருந்தவருக்குக் கடை என்பதே கணக்கு. சுமைதூக்குவோர் அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகக்கூட வருவதில்லை. மண்டி எங்கே போகிறதோ அங்கே அவர்களும் தாமாக வந்துவிடுவார்கள் என்ற எண்ணமே போதுமானதாகக் கருதப்பட்டது. மூட்டை தூக்கும் வேலை நள்ளிரவு கடந்து தொடங்குவது. வடசென்னைக் குடிசைப் பகுதியிலிருந்து நடந்தே சாவடிக்குச் செல்ல முடிந்தவருக்குக் கோயம்பேடு என்பது பேருந்து ஓடாத நேரத்தில் போய்ச் சேர வேண்டிய தொலைவு.

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த விற்பனை திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது அதே நிகழ்வு இன்னும் மேற்கே தள்ளி மீண்டும் நடந்தது. அங்கும் மண்டிக்காரருக்குத் தற்காலிகக் கடை உண்டு. மூட்டை தூக்குபவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடும் சந்தையும் எதிரெதிர்த் திசையில்

சந்தை இடமாற்றத்தைத் தனியாகப் பார்ப்பது பிழையான பார்வை. நகரத்தின் மையப்பகுதிகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அவர்களில் கணிசமானோர் தலித்துகள் என்பது இக்குடியிருப்புகளை அறிந்த எவருக்கும் தெரியும். சந்தை மேற்கே நகர்ந்தது, சந்தையில் உழைப்பவரின் வீடு தெற்கே நகர்ந்தது. இரண்டும் வெவ்வேறு அரசு அமைப்புகளின் வெவ்வேறு கோப்புகள் என்பதால், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை. ‘வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள்’ என்ற வசை மட்டும் மிஞ்சுகிறது.

மாடிக்கு ஏறாத வாடிக்கையாளர்

தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013இல் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். நடைபாதை வியாபாரம் என்பது கடந்து செல்பவரின் கண்ணில் பட்டு நடப்பது. பத்து ரூபாய்க்குக் கொண்டை ஊசி வாங்க யாரும் இரண்டு மாடி ஏறுவதில்லை. மேல்தளங்களில் வியாபாரம் படுத்துவிட்டது என்ற புகார் விரைவிலேயே எழுந்தது. 2019 நவம்பரில் அதே சாலை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு அது நல்ல சாலை, அதில் ஐயமில்லை. நடைபாதை பத்து மடங்கு அழகானபோது அதில் விற்றவர் அங்கே இல்லை என்பதே நமது கவலை.

ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2015 ஜூனில் தொடங்கப்பட்டு நாடெங்கும் 100 நகரங்களையும் தமிழ்நாட்டில் 11 நகரங்களையும் உள்ளடக்கியது. சந்தைகளையும் பேருந்து நிலையங்களையும் இடித்துக் கட்டும் வேலை பல நகரங்களில் அதன் நிதியிலேயே நடந்தது. இவ்வகைத் திட்டங்களில் செலவை வாடகையில் மீட்க வேண்டும் என்ற கணக்கு வந்து சேர்கிறது. ஏலமும் முன்வைப்புத் தொகையும் நுழைந்தவுடன் தரைக்கடைக்காரர் தாமாகவே விலகிவிடுகிறார். அவரை யாரும் துரத்த வேண்டியதில்லை.

மரபுப் பாதுகாப்பு வாதம் இதற்கு மாற்றாகாது என்பதற்கு இலண்டன் கோவென்ட் கார்டன் சந்தை நல்ல சான்று. அப்பகுதியில் பெரும் இடிப்புத் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடினர். 1973இல் சுமார் 250 கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. காய்கனி மொத்தச் சந்தையோ 1974இல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்குப் போய்விட்டது. காப்பாற்றப்பட்ட பழைய மண்டபம் 1980இல் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைத்தொகுதியாகத் திறந்தது. தூண்கள் தப்பின, மூட்டை சுமந்தவர்கள் போய்விட்டார்கள்.

சட்டம் தருவதும் தராததும்

வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தெருவில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்பின் 19(1)(எ) உறுப்பின் கீழ் வரும் தொழிலுரிமை என்று சோதன் சிங் வழக்கில் 1989இல் கூறியது. இவற்றின் தொடர்ச்சியாக வந்ததே தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவோர வியாபார ஒழுங்குமுறை) சட்டம், 2014.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு களப்பணியாளர் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியது. கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்று வழங்கப்படும் வரை எவரையும் வெளியேற்றவோ இடம்மாற்றவோ கூடாது என்கிறது அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். இடம்மாற்ற நேர்ந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. பறிமுதல் செய்யப்பட்ட பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். இடமாற்றம் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும், தவிர்க்க இயலாதபோது முன்பிருந்த வாழ்க்கைத் தரமேனும் மீட்கப்பட வேண்டும், புதிய கட்டமைப்பால் உருவாகும் வாய்ப்பில் அகற்றப்பட்டவருக்கு இடம் தரப்பட வேண்டும் என்ற கோட்பாடுகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளன.

நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. ‘உரிய’ என்ற சொல்லுக்கு எண் எதுவும் இல்லை. பெண்களுக்கு எண் கொடுத்த சட்டம் சாதிக்கு எண் கொடுக்காதது தற்செயல் என்று நாம் கருதவில்லை. தேர்தல் பட்டியலில் ஏற்கெனவே சங்கம் வைத்திருக்கும் ஆதிக்கச் சாதி வியாபாரிகளே நிறைந்திருந்தால் ‘உரிய’ என்பது ஒற்றை நாற்காலியாகச் சுருங்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. இச்சட்டம் விற்பவரை மட்டுமே அறியும்; தூக்குபவரையும் கூட்டுபவரையும் அறியாது. சுமைப்பணிக்குத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1982 உள்ளது. அதன் வழி வந்த நல வாரியம் உதவித்தொகை தரும். பணியிடம் இடிக்கப்படும்போது பேச அதற்குக் குரல் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நிலமில்லாவிட்டாலும் அப்பகுதியில் மூன்றாண்டு வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தைப் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்கிறது. சுமைதூக்குவோருக்குப் பொருந்தும் வரையறை அதுவே. ஆனால் நகராட்சிச் சந்தை நகராட்சியின் சொந்த நிலத்தில் நிற்கிறது. தன் நிலத்தை அரசு தானே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நிலமெடுப்பு இல்லையென்றால் அச்சட்டத்தின் மறுவாழ்வும் இல்லை. தனியார் நிலத்தில் உழைத்தவருக்கு உள்ள உரிமை பொது நிலத்தில் உழைத்தவருக்கு இல்லை என்ற விந்தை இப்படித்தான் விளைகிறது.

ஆகவே கோரிக்கை இடிப்பு நாளில் எழுவதாக இருக்கக் கூடாது. திட்ட அறிக்கை தயாராகும்போதே வைக்கப்பட வேண்டும். கடையை மட்டுமன்றி உழைப்பையும் எண்ணும் கணக்கெடுப்பு, அதில் சாதியும் பாலினமும் வீட்டிலிருந்து உள்ள தொலைவும், நள்ளிரவு முதல் விடியல் வரையிலான வேளையில் எடுக்கப்படும் எண்ணிக்கை, தரைத்தளத்தில் தரைக்கடைக்கு ஒதுக்கீடு, பட்டியல் சாதியினருக்கு ஏலமில்லாக் கடைகள், சுமைப்பணித் தொழிலாளருக்கு ஓய்வறையும் கழிப்பறையும் ஆகியவற்றை இதில் சேர்க்கிறோம். காலை பதினோரு மணிக்கு வரும் கணக்கெடுப்பாளருக்கு மூட்டை தூக்குபவர் கண்ணில் படவே மாட்டார்.

உங்கள் ஊரில் சந்தை இடிப்புப் பேச்சு எழுந்திருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் நகராட்சியிடம் கேட்க வேண்டியவை: விரிவான திட்ட அறிக்கை, கடைசியாக எடுத்த வியாபாரிகள் கணக்கெடுப்பின் படி, நகர விற்பனைக் குழு உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்புகளும், தற்காலிகச் சந்தையின் வரைபடம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதற்கு முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள்.