கால்டுவெல் இணையரின் முதுமைக்காலப் பணிவாழ்க்கை

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் யாத்த கால்டுவெல் ஐயரைத் தமிழுலகம் நன்கறியும். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2010இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது. ஆயின், அவ்வீட்டில் அவரோடு மனையறம் நடத்தியவரும், நாற்பதாண்டுகளுக்கு மேல் அவ்வட்டாரப் பெண்மக்களிடையே பணிபுரிந்தவருமான எலிசா அம்மையாரைப் பற்றி நம் நூல்கள் பேசுவது மிகச் சிறிதே. ஐயர் செய்ததைத் 'தொண்டு' என்றும் அம்மையார் செய்ததைத் 'துணை' என்றும் வகுத்துரைப்பது வழக்காகிவிட்டது. இவ்வகுப்பு வரலாற்றுக்குப் பொருந்துவதன்று என்பதும், இடையன்குடிப் பணி இருவரும் சமமாகச் சுமந்த ஒரு பணியே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அதற்குரிய சான்று பெருநிகழ்ச்சிகளில் இல்லை; அவர்தம் அன்றாட வாழ்க்கையிலேயே உள்ளது. அவ்வாழ்க்கை முழுதும் வெளிப்பட்டு நிற்பது அவர்தம் முதுமைக்காலத்திலாகும்.

1. இணையரின் பின்புலம்

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1838இல் சென்னைக்கு வந்தார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, எஸ்.பி.ஜி. சங்கத்தின் குருவாக 1841இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். 1844இல் எலிசாவை மணந்தார். அவர்களுக்கு மக்கள் எழுவர்.

எலிசா 1822இல் பிறந்தவர். நாகர்கோயிலில் 1819 முதல் பணிபுரிந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்போரின் இளைய மகள். மிஷன் வீட்டு வாழ்க்கை அவருக்குப் புதிதன்று. அவர்தம் அன்னை மார்த்தா அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தியவர். 1821இல் அப்பள்ளியில் லேஸ் பின்னும் தொழிலைப் புகுத்தியவர். அத்தொழிலால் வந்த வருவாய் அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலரின் விடுதலைக்கும் பயன்பட்டது. ஆகவே, மணமகளாக இடையன்குடிக்குச் சென்ற எலிசா அம்மையார் தம்முடன் கொண்டுசென்றவை இரண்டு: குழந்தைப் பருவந்தொட்டுப் பழகிய தமிழ்ப் பேச்சு ஒன்று, அன்னையிடம் கற்ற பள்ளி நடத்தும் திறமும் கைத்தொழிலும் மற்றொன்று. கணவர் ஆசிரியரிடமும் ஏட்டிலும் கற்ற தமிழை, மனைவி அடுக்களையிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவர். இவ்வேறுபாடு பின்னர் ஆராயத்தக்கது.

2. தேரிக்காட்டில் ஒரு நாள்

இடையன்குடி செம்மணல் தேரிகளும் பனைகளும் சூழ்ந்த சிற்றூர். அங்கு வாழ்ந்தோரின் நாளை வகுத்தது பனையே. பதநீர்ப் பருவத்தில் ஆடவர் விடியுமுன் மரமேறுவர். மாலையில் மீண்டும் ஏறுவர். இறக்கிய பதநீரைப் பெண்டிர் பகலெல்லாம் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். விறகு தேடுதல் சிறுவர் சிறுமியர்க்கு உரிய வேலை. இத்தகைய ஊரில் ஆலய மணியும் பள்ளி மணியும் மக்களின் உழைப்பு நேரத்திற்கு இசைந்து ஒலித்தாலன்றிப் பயன் விளையாது. காலை மாலை வழிபாடு, பகற்பொழுதில் பள்ளி, சுற்றூர்ப் பயணம், வழக்குத் தீர்த்தல், நோயாளர்க்கு மருந்தளித்தல் என மிஷன் வீட்டின் நாள் நகர்ந்தது. ஒழுங்கற்றிருந்த ஊரில் நேரிய தெருக்களை வகுத்து, கிணறுகள் தோண்டி, மரங்கள் நடச்செய்தவர் ஐயர்.

பெண் கல்வி இவ்வூரில் எத்துணை அரிது என்பது பனைத்தொழிலின் இயல்பை நோக்கின் விளங்கும். சிறுமியின் உழைப்பு குடும்பத்தின் உலையோடு பிணைந்தது. பருவம் தொடங்கியதும் பகற்பள்ளியின் இருக்கைகள் வெறுமையாகும். எனவேதான், 1844இல் எலிசா அம்மையார் தொடங்கிய பெண்கள் பள்ளி, மாணவியர் தங்கிப் பயிலும் உறைவிடப் பள்ளியாக அமைந்தது. உறைவிடம் என்பது எழுத்து கற்பிப்பதோடு நிற்பதன்று. உணவும் உடையும் நோய்ப்பராமரிப்பும் அதனுள் அடங்கும். இன்று சோறு போதுமா, இன்றிரவு எந்தச் சிறுமிக்குக் காய்ச்சல் என்பவை நாள்தோறும் அம்மையார் முன் நின்ற வினாக்கள். ஐயரின் பணிக்கு ஓய்வுநாள் இருந்திருக்கலாம். இப்பணிக்கு ஓய்வுநாள் இல்லை.

நாகர்கோயில் லேஸ் தொழிலும் அம்மையாரால் இடையன்குடியில் வேரூன்றியது. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்டொழில் அது. பனைத்தொழிலின் வருவாய் குடும்பத்தலைவன் கையில் சேர்வது. லேஸின் வருவாயோ பெண்ணின் கையில் சேர்வது. தன் விரல்களால் ஈட்டிய பணம் தன்னிடம் இருத்தல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் செய்யும் மாற்றத்தைச் சமுதாய வரலாறு ஆய்வோர் நன்கு உணர்வர்.

இத்துணைப் பணியும் ஊதியம் பெறாத பணி என்பது கருதத்தக்கது. அக்கால மிஷன் சங்கங்கள் குருவையே பணியாளராகக் கொண்டன. அவர் மனைவி பணியாளர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பட்டியலில் பெயரில்லாமையே பின்னர் வரலாற்றிலும் பெயரில்லாமையாக முடிந்தது. ஆவணத்தின் மௌனத்தை உழைப்பின் இன்மையாகக் கொள்ளுதல் ஆய்வாளர் தவிர்க்கவேண்டிய பிழையன்றோ?

3. முதுமையில் ஏறிய சுமை

ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு 1856இலும், திருத்திய இரண்டாம் பதிப்பு 1875இலும் இலண்டனில் வெளிவந்தன. இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது ஐயருக்கு வயது 61. புகழும் பட்டங்களும் வந்தடைந்த அக்காலத்தில் அவர் தாயகத்தில் தங்கியிருந்தால் குறைகூறுவார் இலர். ஆயினும் இணையரின் வாழ்க்கை இடையன்குடியிலேயே தொடர்ந்தது. ஓய்வுக்குரிய அப்பருவமே அவர்கட்கு மிகுந்த சுமையுடைய பருவமாயிற்று.

முதலில் வந்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் கூறுவர். மிஷன் நிலையங்கள் உதவி வழங்கும் இடங்களாயின. பசித்தோர் ஆயிரக்கணக்கில் திருச்சபையை நாடினர். அவர்களுள் மனமாற்றம் கொண்டோர் எவர், வயிற்றின் பொருட்டு வந்தோர் எவர் என்னும் வினா அன்றே எழுந்தது. இன்றும் விடாது தொடர்வது. ஆனால் வாயிலில் நிற்போர்க்கு அன்று வேண்டியது கஞ்சியே. அவ்வினாவிற்கு விடை காணும்வரை அடுப்பு காத்திராது.

பஞ்சத்தின் நடுவே, 1877 மார்ச்சு 11ஆம் நாள், கல்கத்தாவில் கால்டுவெல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சி.எம்.எஸ். சங்கத்தின் சார்ஜெண்ட் ஐயரும் அன்றே அந்நிலை பெற்றார். சார்ஜெண்ட் பாளையங்கோட்டை நகரில் தங்கினார். கால்டுவெல்லோ இடையன்குடிச் சிற்றூரைவிட்டு நீங்கவில்லை. தேரிக்காட்டு வீடே ஆயர் இல்லமாயிற்று. விருந்தும் வழக்கும் கடிதமும் பெருகின. 1877இல் கொற்கை, காயல் ஆகிய பழந்துறைகளைப் பற்றிய அவர்தம் அகழாய்வுக் கட்டுரை வெளிவந்தது. திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் வரலாறும், அம்மாவட்டத்து மிஷனின் தொடக்ககால வரலாறும் 1881இல் வெளிவந்தன. ஒரு மனிதர் அறுபதைக் கடந்தபின், பஞ்சத்திற்கும் ஆயர் பணிக்கும் இடையே இத்துணையும் எழுத முடிந்ததெனின், அவர்தம் மேசையைச் சுற்றியிருந்த வீட்டை ஒழுங்குற நடத்தியவர் ஒருவர் உண்டென்பது தெளிவு.

இடையன்குடித் தூய திரித்துவ ஆலயம் 1880 சூலை 6ஆம் நாள் திருநிலைப்பட்டது. 1847இல் தொடங்கிய கட்டடம் முடிய 33 ஆண்டுகள் கடந்தன. அடிக்கல் நாட்டியபோது அம்மையார்க்கு வயது இருபத்தைந்து அளவில். மணியொலி கேட்டபோது ஐம்பத்தெட்டு அளவில். ஒரு கட்டடத்தின் வளர்ச்சியைத் தம் வாழ்நாளால் அளந்து கண்டவர் அவ்விணையர்.

4. தமிழ் வழங்கிய வீடு

மேலே சுட்டிய இருவகைத் தமிழைப் பற்றி ஈண்டு ஒரு கருத்தை முன்வைக்கலாம். கால்டுவெல் ஒப்பிலக்கணத்தில் செந்தமிழை மட்டும் சான்றாகக் கொள்ளவில்லை. கொடுந்தமிழ் வடிவங்களை ஆராய்ந்தார். எழுத்து வழக்கில்லாத தோடா, கோத்தா, கோண்டு முதலிய மொழிகளையும் சமமான சான்றுகளாக நிறுத்தினார். நூல் வழக்கே மொழி என்று கருதிய புலமை மரபிலிருந்து இது வேறுபட்டது. ஐரோப்பிய ஒப்பியல் முறையே இதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், பேச்சுத் தமிழ் நாள்முழுதும் ஒலித்த ஒரு வீட்டில், அத்தமிழை இயல்பாகப் பேசும் மனைவியோடு வாழ்ந்தவர்க்கு, பேச்சு வழக்கை இழிந்ததென ஒதுக்க இயலாமை எளிதாகவே வாய்த்திருக்கும். இதனை முடிந்த முடிபாக அன்றி, ஆராயத்தக்க கருத்தாகவே கொள்க.

புகழுரையோடு நிறுத்தின் வரலாறு குறைபடும். 1849இல் நாடார் குலத்தாரைப் பற்றி ஐயர் எழுதிய சிறு நூல், அவர்களை இலங்கையிலிருந்து வந்தோர் என்றும் அறிவாற்றலில் தாழ்ந்தோர் என்றும் கூறியது. எவர் நடுவே வாழ்ந்தாரோ அவர்தம் உள்ளத்தையே அந்நூல் புண்படுத்தியது. அவர்கள் கல்வியிலும் வாணிகத்திலும் உயர்ந்த 1880களில் மறுப்புகளும் விண்ணப்பங்களும் எழுந்தன. அவற்றை எழுதும் ஆற்றலை அவர்களுக்கு அளித்தவற்றுள் மிஷன் பள்ளிகளும் அடங்கும் என்பது நோக்கத்தக்கது. ஏட்டில் தாழ்ந்தோர் என்று எழுதப்பட்ட குடும்பத்துச் சிறுமியர்க்கு, அதே வளாகத்தில் அம்மையார் எழுத்து கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டினுள் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை, அவ்விணையரின் வாழ்க்கையை எளிய புகழுரையாலும் எளிய இகழுரையாலும் அளக்கவொண்ணாது என்பதை உணர்த்தும்.

5. இறுதி ஆண்டுகள்

1883இல் அவர்தம் பணியிடம் தூத்துக்குடிக்கு மாறியது. இருப்புப்பாதையும் துறைமுகமும் உடைய அந்நகர், முதிய ஆயரின் பயணங்களுக்கு வாய்ப்பானது. சாயர்புரத்திலிருந்த கல்லூரியும் அங்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் கல்லூரி எனப் பெயர்பெற்றது. அறுபதைக் கடந்த அம்மையார், நாற்பதாண்டுகள் பழகிய ஊரையும் பள்ளியையும் விட்டுப் புதிய நகரில் மனையறம் தொடங்கினார்.

உடல்நலிவு மிகவே, 1891 சனவரி இறுதியில் கால்டுவெல் ஆயர் பணியைத் துறந்தார். கொடைக்கானல் அவர்தம் ஒதுங்கிடமாயிற்று. அக்காலத்தில் அம்மலைக்கு வண்டிச் சாலை இல்லை. அம்மையநாயக்கனூர் வரை இரயிலிலும், மலையடிவாரம் வரை மாட்டு வண்டியிலும் சென்று, அதன்மேல் குதிரையிலோ ஆள்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறுதல் வேண்டும். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் அம்மலையில் அவர் உயிர் நீத்தார். அவர் உடல் மலையிலிருந்து தேரிக்காடு வரை கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்தின் பலிபீடத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது.

அவர்க்குப்பின் எட்டாண்டுகள் அம்மையார் வாழ்ந்தார். ஐயரின் நினைவுக் குறிப்புகளை அவர்தம் மருமகன் வையாட் ஐயர் 1894இல் பதிப்பித்து வெளியிட்டார். 1899இல் அம்மையார் மறைந்தார். இடையன்குடி ஆலயத்தில், கணவரின் கல்லறை அருகே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. மிஷன் பணி என்பது குருவின் பணி மட்டுமன்று. ஊரின் பெண்பாலார் பகுதி முழுதும் ஊதியமற்ற ஒரு பெண்ணின் உழைப்பால் நடந்தது. கால்டுவெல்லின் புலமையை அவர் பயின்ற நூல்களால் மட்டுமன்றி, அவர் வாழ்ந்த வீட்டாலும் ஆராய்தல் வேண்டும். அவ்வீட்டின் பெருமையோடு அதன் குறையும் ஒருங்கே கூறப்படல் வேண்டும்.

ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் இயற்றிய கால்டுவெல் ஐயர் சரிதம் தமிழ் மாணவர் பலருக்கு ஐயரை அறிமுகப்படுத்தியது. எலிசா அம்மையார் சரிதம் எழுதப்படவேண்டிய நூலாக நிற்கின்றது. பள்ளிக் கணக்கு, லேஸ் விற்பனைக் குறிப்பு, சங்கங்களுக்கு எழுதிய கடிதம், மாணவியர் வழித்தோன்றல்களின் வாய்மொழி ஆகியன அதற்குரிய கருவிகள். ஆலயத்தில் இருவர் கல்லறையும் அருகருகே உள்ளன. நம் வரலாற்று நூல்களிலும் இருவர் பெயரும் அவ்வாறே அமைதல் வேண்டும்.