குளத்து மீனில ஆர் வந்தேறி?

திலாப்பியாவை எங்கட குளத்து மீன் எண்டு நினைச்சுத்தான் நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தோம். ஆனால் அது இலங்கைக்கு வந்தது 1952இல். ஆபிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி மீன் அது. அப்ப, அதுக்கு முதல் எங்கட குளங்களில் என்ன இருந்தது? பராக்கிரம சமுத்திரத்தை வைத்துப் பார்க்கலாம். இலங்கையில் கூடுதலாக ஆராயப்பட்ட குளங்களில் அதுவும் ஒன்று.

பெயர்தான் சமுத்திரம். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, ஏற்கெனவே இருந்த குளங்களை இணைத்துக் கட்டியது அது. அங்கமெடில்லவில் அம்பன் கங்கையை மறித்து வாய்க்காலால் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இலங்கையில் பெரிய இயற்கை ஏரி எண்டு ஒண்டும் இல்லை. ஆற்றோரம் வெள்ளம் நிற்கிற வில்லுகள்தான் இருக்கு. ஆகவே குளத்தின் சுதேச மீன்களும் ஒருகாலத்தில் ஆற்றிலிருந்தும் சதுப்பிலிருந்தும் வந்து சேர்ந்தவைதான்: விரால், கெளிறு, பல வகைக் கெண்டைகள். கடல்மீன் பரம்பரையில் வந்த, மத்தி குடும்பத்துக் குட்டி மீன் ஒன்றும் அங்கே வாழுது.

ஏரி வாழ்க்கைக்கெண்டு கூர்ப்படைந்த மீன்கள் இங்கே இருக்கவில்லை என்பதை விலங்கியலாளர் சி. எச். பெர்னாண்டோ எடுத்துக்காட்டினார். அகன்ற குளத்து நீரில் உணவு நிறைய இருந்தது. அதைப் பயன்படுத்துகிற பெரிய மீன்தான் இல்லை. குளத்து மீன்பிடியும் வீட்டுத் தேவை அளவில்தான் நடந்தது.

திலாப்பியா வந்த வழியும் ஒரு வரலாறு. 1930களில் அது யாவாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அதை வளர்த்துப் பரப்பிய முஜாயிர் என்பவரின் பெயர்தான் இந்தோனேசியாவில் இன்றைக்கும் அந்த மீனின் பெயர். இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் ஆட்சியின் கீழ் தென்கிழக்காசியாவில் பரவியது. போருக்குப் பிறகு, மலிவான புரதம் தேடிய அரசுகள் அதை விரும்பி எடுத்தன. இலங்கைக்கு வந்த அதே 1952இல் இங்கிருந்து மண்டபத்துக்கும் கொண்டுபோகப்பட்டது.

பாசியையும் அடிமண்டிக் கழிவையும் தின்னும்; முட்டையையும் குஞ்சையும் தாய் வாயில் வைத்துக் காக்கும்; குளத்திலேயே பெருகும். கொஞ்ச வருசத்தில் குளத்து மீன்பிடி ஒரு தொழிலாக மாறியது. 1975இல் நைல் திலாப்பியா வந்து, இரண்டும் கலந்து பெருகின. கட்லா, ரோகு போன்ற கெண்டைகளும் விடப்பட்டன. அவை குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை; குஞ்சு வாங்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1990இல் மதக் காரணங்களால் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல் அது திரும்பி வரும்வரை குளத்தை நம்பிய ஆக்களுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் திலாப்பியாதான்.

இதுக்காக வெளியிலிருந்து வாற எந்த மீனும் நல்லது எண்டு சொல்ல வரேல்ல. கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெருத்தவுடன் வாய்க்காலில் கொட்டுகிற 'டேங்க் கிளீனர்' இப்ப குளங்களில் வலைகளைக் கிழிக்குது. கத்தி மீன் சின்ன மீன்களை வேட்டையாடுது. கேட்க வேண்டியது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இல்லை. வந்து என்ன செய்யுது, ஆரின்ர இடத்தைப் பிடிக்குது, ஆருக்குச் சோறு போடுது என்பதையும்தான்.

'வந்தேறி' என்ற சொல்லை இந்த நாட்டில் மனிசர்மேல் எவ்வளவு லேசாக எறிகிறார்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்பவும் ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு: எந்த ஆண்டிலிருந்து கணக்கெடுக்கிறீர்கள்? 1952 எண்டால் திலாப்பியா வந்தேறி. 12ஆம் நூற்றாண்டுக்கு முன் எண்டால் அந்தப் பெருங்குளமே இல்லை.

இதற்கிடையில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பது சின்ன மீன்களின் பெயர்கள். சந்தையில் விலை இல்லாததால் அவை எல்லாம் 'பொடி மீன்' ஆகிவிட்டன. உங்கட ஊர்க் குளத்தில் வலை போடுகிறவர்களிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கோ. அதுவும் வரலாறுதான்.