பஞ்ச்கனியில் பிறந்த ஹெக்டிக்ஸ்

புனே அருகிலுள்ள நிக்டியிலிருந்து காரில் கிளம்பி, புனேயைக் கடந்து, வாய் ஊரைத் தாண்டிப் பசர்ணி காட் ஏறினால் பஞ்ச்கனி. மூன்று மணி நேரம் ஆகும். ஸ்ட்ராபெரிக்கும் குளிருக்கும் போகிற கூட்டம் அங்கே ஏராளம். குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி மேடை ஏறப் பழகிய ஊர் அது என்று தெரிந்து போகிறவர்கள் குறைவு.

சான்சிபாரில் 1946ல் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபரோக் புல்சாரா. அப்பாவுக்குப் பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர் வேலை. எட்டு வயதில் பையனைக் கப்பலேற்றி, பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். ஃபரோக் 'ஃப்ரெடி' ஆனது அங்கேதான். மேல்வரிசையில் நான்கு பற்கள் கூடுதல். அதற்காகக் கேலிப் பெயரும் கிடைத்தது. குத்துச்சண்டை, டேபிள் டென்னிஸ் என்று விளையாட்டிலும் இருந்தார். பையனுக்கு இசை வருகிறது என்று கண்ட தலைமையாசிரியர், கட்டணம் கொஞ்சம் கூடக் கொடுத்தால் முறையாகப் பியானோ கற்றுத் தரலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு ராக் உலகம் நன்றி சொல்ல வேண்டும்.

1958ல் ஐந்து பையன்கள் சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். முன்னால் நின்று பாடியவர் புரூஸ் மரே. கிதார் டெரிக் பிராஞ்ச், டிரம்ஸ் விக்டரி ராணா. ஃபராங் இரானி கையில் பேஸ் கிதார் கிடையாது, தேயிலைப் பெட்டிதான். காலிப் பெட்டியைக் கவிழ்த்து, கம்பு ஒன்றை நிறுத்தி, பெட்டிக்கும் கம்பு நுனிக்கும் கயிறு கட்டினால் போதும். கம்பைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஃப்ரெடி பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தார். பின்னாளில் உலகம் கண்ட மேடைச் சிங்கத்துக்கு அன்று கிடைத்த இடம் அவ்வளவுதான்!

வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு. லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ, கிளிஃப் ரிச்சர்ட். (இந்தக் கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர்.) மேற்கத்தியப் பாட்டு கேட்க அன்றைய பிள்ளைகளுக்கு இலங்கை வானொலி பெரிய வாசலாக இருந்தது. வானொலியில் ஒரு முறை கேட்ட பாட்டை ஃப்ரெடி அப்படியே பியானோவில் வாசித்துவிடுவார் என்று கூடப் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மெட்டு மட்டுமா ஒட்டிக்கொண்டது? பியானோவை அடித்து நொறுக்குவதுபோல் வாசித்து, கூட்டத்தைக் கட்டிப்போடும் லிட்டில் ரிச்சர்டின் மிடுக்கும் ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

பள்ளி முடிந்ததும் ஹெக்டிக்ஸ் கலைந்தது. ராணா நேபாள ராணுவத்தில் ஜெனரல் ஆனார். பிராஞ்ச் இங்கிலாந்தில் நடிகரானார். ஃப்ரெடியின் குடும்பம் 1964 புரட்சிக்குப் பிறகு சான்சிபாரை விட்டு இங்கிலாந்து போனது. 1970ல் குயீன் பிறந்தது.

அதன்பின் ஃப்ரெடியைப் பார்த்து எடுத்துக்கொள்வது மற்றவர்கள் முறை. 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி அரங்கில் லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரி. குயீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம்தான். ஃப்ரெடி ஒரு இழுப்பு இழுக்க, எழுபதாயிரம் பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள். கூட்டத்தையே வாத்தியமாக வாசிக்கும் அந்த வித்தையை இன்றைக்கு எந்த அரங்கப் பாடகர்தான் முயன்று பார்க்காமல் இருக்கிறார்? 1991 நவம்பரில் ஃப்ரெடி எய்ட்ஸ் நோயால் இறந்தார். அடுத்த ஏப்ரலில் அதே வெம்பிளி அரங்கில் நடந்த அஞ்சலியில் ஜார்ஜ் மைக்கேல், ஆக்சல் ரோஸ், எல்டன் ஜான், டேவிட் போவி எல்லாரும் மேடை ஏறினார்கள். லேடி காகா தன் பெயரையே குயீனின் 'ரேடியோ கா கா' பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். அதை எழுதியவர் டிரம்மர் ரோஜர் டெய்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேட்டிகளில் ஃப்ரெடி இந்தியாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அதனாலோ என்னவோ, அவர் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் லண்டனில்தான் தொடங்குகிறார்கள். இனி எழுதுகிறவர்கள் 1958லிருந்து, அந்தத் தேயிலைப் பெட்டியிலிருந்து தொடங்கட்டும்.