ஐந்தா, ஆறா?

சமோவா நாட்டின் முதல் பெண் பிரதமரைப் பற்றிப் பேசப் புகுமுன் அவர் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ஃபியாமே நயோமி மத்தாஃபா என்பதில் நயோமி மட்டுமே பெற்றோர் இட்டது. மத்தாஃபா, தந்தை பூண்டிருந்த பட்டம். ஃபியாமேயும் பட்டமே, அது அவர் தாமே ஏற்றது. குடும்பத் தலைமைக்குரிய இத்தகைய பட்டம் பெற்றவரைச் சமோவர் 'மத்தாய்' என்பர். மத்தாய் அல்லாதவர் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க இயலாது. ஆகவே இப்பெயரின் முதற்சொல் வெறும் மதிப்புச்சொல் அன்று.

அது எளிதில் கிட்டவும் இல்லை. 1962இல் விடுதலை பெற்ற சமோவாவின் முதல் பிரதமராகிய தந்தை 1975இல் காலமானபோது நயோமிக்கு வயது 18. நிலம், பட்டங்கள் நீதிமன்றத்தில் வழக்காடியே பட்டத்தைப் பெற்றார். 1985இல் லோத்தோஃபாகா தொகுதியில் வென்று, 1991இல் கல்வியமைச்சரானார். அமைச்சரவை கண்ட முதல் பெண் அவரே. 2016இல் துணைப் பிரதமர். 2020இல், தாம் வழக்காடிய அந்நீதிமன்றத்தைத் தனியே பிரிக்கும் திருத்தங்களை எதிர்த்துப் பதவி துறந்தார். மறு ஆண்டு ஃபாஸ்ட் கட்சியின் தலைவரானார்.

2021 ஏப்ரல் தேர்தலில் 51 இடங்களுள் ஆளுங்கட்சிக்கு 25, ஃபாஸ்டுக்கு 25; எஞ்சியவர் ஒரு சுயேச்சை. அவர் ஃபாஸ்டுடன் சேர்வதற்கு முதல்நாள், தேர்தல் ஆணையர் ஆளுங்கட்சிப் பெண் ஒருவரை 52ஆவது உறுப்பினராக்கினார். அதற்கு அடிப்படை ஒரு வாக்கியம். உறுப்பினருள் குறைந்தது பத்து விழுக்காட்டினர் பெண்களாதல் வேண்டும். ஐயம் நீங்கச் சொன்னால் அது தற்போது ஐந்து என்றது 2013ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம். அன்று இடங்கள் 49, கணக்கு 4.9, ஐந்து பொருந்திற்று. இடங்கள் 51 ஆனபின் கணக்கு 5.1 ஆயிற்று, 'ஐந்து' மாறவில்லை. வென்ற பெண்களோ ஐவர். விழுக்காட்டைப் பற்றினால் ஆறாமவர் வேண்டும். எண்ணுப்பெயரைப் பற்றினால் வேண்டா. ஐயம் நீக்க வந்த தொடரே ஐயத்தை வளர்த்தது! நம் கருத்தில் குறை ஐந்தில் இல்லை. 'தற்போது' என்பதில் உள்ளது. அது எழுதியவர் காலமா, படிப்பவர் காலமா?

ஐந்தே போதும் என்று உச்ச நீதிமன்றம் மே 17 அன்று நியமனத்தை நீக்கியது. மே 24 அன்று ஃபியாமே நாடாளுமன்றம் சென்றபோது கதவு பூட்டியிருந்தது. வெளியே கூடாரத்தில் உறுதிமொழி ஏற்றார். அங்கே உச்ச நீதிமன்றத்துக்கு மேலும் ஒன்று உண்டு. அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆறு என்பதே சரி, ஆயினும் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடியுமுன் ஆறாமவரைச் சேர்த்தல் ஆகாது என்றது. ஜூலை 23 அன்று கூடார உறுதிமொழி செல்லும் எனத் தீர்த்தது. பெண்களை மன்றத்துள் கொணர எழுதிய வாக்கியம், முதல் பெண் பிரதமரை வாயிலில் நிறுத்த உதவியதை மாணவர்கள் கருதுக.

2025இல் கட்சி பிளந்தது. வரவுசெலவுத் திட்டமும் தோற்றது. ஆகஸ்டுத் தேர்தலில் அவருடைய புதிய கட்சி பெற்றவை மூன்றே இடங்கள். அவற்றுள் ஒன்று லோத்தோஃபாகா.