தடைக்காலக் கைவேலையும் 23ஆம் பிரிவும்: விளையாட்டுக் கருவியைத் திருத்தும் உரிமை

மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியில் உள்ள உயிலங்குளம், 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஓமந்தையையும் முகமாலையையும் போல அரசு, விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இடையிலான சோதனைச்சாவடியாக அறியப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோலும் பற்றறியும் அரிதாகின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அவற்றைச் செய்த நிறுவனங்கள் இப்படியொரு பயன்பாட்டை எண்ணியே பார்த்திருக்காது. தன் பொருளைத் திறந்து மாற்றுவதற்கு இன்னொருவரின் சம்மதம் வேண்டும் என்ற நினைப்பும் எவருக்கும் எழவில்லை.

சாவடி இருந்த அதே காலத்தில், 2003இல், இலங்கையின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 1979ஆம் ஆண்டுக் கோவையின் இடத்துக்கு வந்தது. தன் விளையாட்டுக் கருவியை ஒருவர் திருத்தலாமா என்ற நம் கேள்விக்கு அதன் 23ஆம் பிரிவுதான் மையம். ஒரு படைப்பைப் படியெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டை மீறுவதற்கென்றே வடிவமைத்த சாதனத்தை விற்பனைக்காகவோ வாடகைக்காகவோ தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் சட்டவிரோதம் என்கிறது அது. தன் வீட்டில் தன் கருவியைத் திறப்பவரைப் பற்றி இப்பிரிவு பேசவில்லை. “படியெடுப்பதைத் தடுக்கும்” என்ற சொற்களையும் இலேசாகக் கடந்துவிட முடியாது.

சோனியின் விளையாட்டுக் கருவியான முதல் பிளேஸ்டேஷன் 1994இல் யப்பானில் வெளிவந்தது. அசல் இறுவட்டின் உட்பகுதியில் பொறித்த பிராந்தியக் குறியைத் தேடி, கிடைத்தால்தான் அது விளையாட்டைத் தொடங்கும். சாதாரண வட்டெழுதியால் அக்குறியைப் பதிய முடியாது. உள்ளே பற்றவைக்கும் சிறு சிப் அக்குறியைத் தானே அனுப்பிக் கருவியை நம்பவைக்கிறது. சிட்னியில் இத்தகைய சிப்களை விற்ற ஒருவர்மீது சோனி தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005 ஒக்டோபரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குறியைத் தேடும் அந்தப் பூட்டு படியெடுப்பதைத் தடுக்கவில்லை. எடுத்து முடிந்த படியை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்பது அதன் தருக்கம். நம் 23ஆம் பிரிவின் சொற்களுக்கும் இத்தருக்கம் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்தி அந்த இடைவெளியை அடைத்தது. ஆனால் விளையாட்டுகளைச் சந்தை வாரியாகப் பிரிக்கும் பூட்டுக்கு மட்டும் பாதுகாப்புத் தரவில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் உள்ள ஊர்களுக்கு இந்த விலக்கின் அருமை சொல்லாமலே புரியும். இலண்டனிலிருந்து வந்த அந்தப் பழைய பிளேஸ்டேஷனில், கனடாவிலிருந்து வந்த அசல் வட்டு ஓடாது. இரண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று. இதில் யாருடைய உழைப்பு களவுபோனது? களவு வட்டை ஓட்டினால் விளையாட்டை உருவாக்கியவரின் கூலி போகிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இரு செயலுக்கும் ஒரே சிப் உதவுகிறது என்பதில்தான் சிக்கல்.

இந்தியா தன் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு நோக்கத்தைப் பார்க்கிறது: உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டுவரை சிறை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் நின்டென்டோ வழக்கில், பூட்டை உடைக்கும் சாதனம் நடைமுறையில் எதற்கு அதிகம் பயன்படுகிறது என்று பார்க்கச் சொன்னது. அமெரிக்கா 2021இல் பழுதான வட்டு இயக்கியைத் திருத்துவதற்காகப் பூட்டைத் திறக்க அனுமதித்தது. அதற்கான கருவியை விற்க அனுமதிக்கவில்லை.

நமது 23ஆம் பிரிவிலும் இதே முடிச்சு உண்டு. கருவியின் உரிமையாளரை விட்டுவிட்டு, விற்பனைக்குச் செய்பவரையும் இறக்குமதியாளரையும் பிடிக்கிறது. சிப்பைப் பொருத்திக் கொடுக்கும் கைவேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தடைக்காலத்தில் வண்டியை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியவர் பெரும்பாலும் வண்டிக்காரர் அல்ல, ஊர் மெக்கானிக். அவரில்லாமல் வண்டிக்காரரின் உரிமை முற்றத்தில் சாய்ந்து நின்றிருக்கும்.