பெட்டியை விற்றது பாட்டா, விலையா?

வீடியோ கேம் பெட்டி வியாபாரத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. விற்பனையை ஏற்றுவது விலைக் குறைப்பா, புது விளையாட்டா? தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் இதே வழக்கு கிராமபோன் பெட்டியை வைத்து எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான வட்டாரம் கிடைக்காது. வட்டிக்கடை நடத்தி, பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் கப்பலில் வரவழைத்து வீடு கட்டிய செட்டிநாட்டு நகரத்தாருக்குப் பெட்டியின் விலை ஒரு தடையே அல்ல. கல்கத்தாவில் கௌஹர் ஜான் 1902லேயே இசைத்தட்டுக்குப் பாடிவிட்டார். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றோரின் தட்டுகளும் சில ஆண்டுகளில் வந்துவிட்டன. ஆனாலும் தமிழ்நாட்டைக் கிராமபோன் மோகம் பிடித்தது 1920களின் பிற்பாதியில்தான். கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா போன்ற நாடக மேடைக் குரல்கள் தட்டில் ஏறிய காலம் அது. மைக் வைத்துப் பதியும் முறை வந்து குரல் தெளிவானதும் அப்போதுதான். காசு வைத்திருந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். அவர்களைக் கடைக்கு இழுக்கும் பாட்டு பிறகுதான் வந்தது.

விலையும் அதே காலத்தில் இறங்கியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையில் தூக்கிப் போகும் பெட்டிகள் பெருகின. 1930களில் ஜப்பானிலிருந்து மலிவுச் சரக்கும் வந்தது. வட்டிக்கடையும் தேக்கு வீடும் இல்லாதவர்களும் பெட்டி வாங்க வழி பிறந்தது அதனால்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய தட்டுகள் பெரும்பாலும் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் சுழலும். ஆகவே எந்தப் பெட்டியை வாங்குவது என்பதை விலை முடிவு செய்தது. பெட்டி வாங்குவதா வேண்டாமா என்பதைப் பாட்டு முடிவு செய்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் வழக்கு இழுபடுகிறது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். அதன் பிறகு அவர் குரலைக் கேட்கத் தட்டை விட்டால் வேறு வழியில்லை. எவ்வளவு விலை குறைத்தாலும் ஒரு பெட்டிக்கு அப்படியொரு கட்டாயத்தை உண்டாக்க முடியாது.

வியாபாரிகள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏவி அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டு விற்றார்கள். அவர் மகன் மெய்யப்ப செட்டியார் தட்டு விற்பதோடு நிற்காமல், பாடவைத்துப் பதிவதே தொழில் என்று சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஆண்டு 1932. உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கொடுத்த கடன் திரும்பாமல் செட்டிநாடே தவித்த நேரம். பணம் முடங்கிய காலத்தில் ஒருவர் மலிவுப் பெட்டி இறக்குமதியில் இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை; இவர் பாட்டின் மேல் பணத்தைப் போட்டார். அதே கணக்குதான் பிறகு அவரைச் சினிமாவுக்கு இழுத்துப் போனது. முதல் படங்கள் ஓடவில்லை என்பதும் உண்மை; பாட்டும் படமும் சரக்காகும்போது தோற்கும் ஆபத்தும் கூடவே வருகிறது.

வீடியோ கேமில் நிலைமை இன்னும் கறார். ஒரு கம்பெனியின் விளையாட்டு பெரும்பாலும் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் ஓடாது. எந்தப் பெட்டி என்ற கேள்விக்கும் விளையாட்டே விடை சொல்லிவிடுகிறது. செகாவின் டிரீம்காஸ்ட் 199 டாலரிலிருந்து 149க்கு இறங்கியும் பிழைக்கவில்லை. 2001இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். நிண்டெண்டோவின் வீ யூ 2013இல் 50 டாலர் குறைந்தது. கடைசிவரை அதன் விற்பனை ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. மாற்றுக் கட்சிக்காரர்கள் காட்டும் பலமான சாட்சி அதே நிண்டெண்டோவின் 3டிஎஸ். 2011 மார்ச்சில் 249.99 டாலருக்கு அமெரிக்காவில் வந்த அந்தக் கைப்பெட்டி, ஆகஸ்டிலேயே 169.99க்கு இறங்கி விற்பனையில் நிமிர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு மாரியோ விளையாட்டுகளும் வந்துவிட்டன. விலை கதவைத் திறந்தது. கூட்டத்தை உள்ளே அழைத்து வந்தவர் மாரியோ. 2017இல் 299 டாலருக்கு வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்சோ பல ஆண்டுகள் விலையை இறக்காமலே பத்துக் கோடியைத் தாண்டியது.

பாட்டுக்கு இருந்த மதிப்பை ரூபாயிலேயே பார்க்கலாம். பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை 1934இல் 450 ரூபாய்க்குக் கைமாறியது. பின்னர் அதையே மெய்யப்ப செட்டியார் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினார். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு அவர் எடுத்து, 1947இல் வெளியிட்ட ‘நாம் இருவர்’ படத்தில் அந்தப் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாடினார். 1949இல் அந்த உரிமையைச் செட்டியார் பணம் வாங்காமல் அரசுக்குக் கொடுத்தார். அந்த இரண்டு விற்பனைகளுக்கு இடையில், ஒரே கவிஞரின் பாட்டு விலை இருபது மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.